மேஜை உயரம் சரியா? பாப்பா குதிக்கும் முன் பாருங்கள்!

ஐந்தே ஐந்து சென்டிமீட்டர். மூன்று விரலை ஒட்டி வைத்தால் வரும் அகலம். அது குறைந்ததற்கே உலகத்தின் தலைசிறந்த வீராங்கனைகள் தடுமாறி விழுந்தார்கள் என்றால் நம்புவீர்களா?

நடந்தது 2000-ம் ஆண்டு செப்டம்பர் 21-ம் தேதி. சிட்னி ஒலிம்பிக்கில் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆல்ரவுண்ட் இறுதிப் போட்டி. ஓடி வந்து, ஸ்பிரிங் போர்டில் எம்பி, இரு கைகளையும் ஊன்றித் தாண்டும் 'வால்ட்' பிரிவில் பலரும் சறுக்கினார்கள். தங்கம் வாங்குவார் என்று எதிர்பார்க்கப்பட்ட ரஷ்யாவின் ஸ்வெட்லானா கோர்கினா முழங்காலில் போய் விழுந்தார். அந்த அதிர்ச்சியோடு அடுத்து ஏறிய கம்பியிலும் விழுந்தார். கடைசியில் ஆஸ்திரேலிய வீராங்கனை அலானா ஸ்லேட்டர்தான், உயரத்தில் ஏதோ கோளாறு என்று சொன்னார். டேப் வைத்து அளந்தார்கள். 125 செ.மீ. இருக்க வேண்டியது 120-ல் நின்றது! அதற்குள் பாதிப் பேர் குதித்து முடித்துவிட்டார்கள். 'வேண்டுமானால் மறுபடி குதிக்கலாம்' என்றார்கள். கம்பியிலும் விழுந்துவிட்ட கோர்கினாவுக்கு அதனால் என்ன லாபம்?

வருஷக்கணக்கில் பழகிய உடம்புக்கே இந்தக் கதி. ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு?

திரிபுராவின் தீபா கர்மாகர் 2016 ரியோ ஒலிம்பிக் வால்ட்டில் நான்காம் இடம் பிடித்ததிலிருந்து நம் பெற்றோர்களுக்கும் இந்த விளையாட்டு பரிச்சயமாகிவிட்டது. சந்தோஷம்! ஆனால் ஷூ, டிரெஸ், ஃபீஸ் எல்லாம் விசாரிக்கிற நாம், குழந்தை தாண்டுகிற மேஜை என்ன உயரம் என்று கேட்கிறோமா?

உயரம் மாறினால் என்ன ஆகும்?

வேகமாக ஓடி வரும் குழந்தைக்கு யோசிக்க நேரம் கிடையாது. மேஜை இந்த இடத்தில் இருக்கும் என்று பழகிய உடம்பு, கையைத் தானாக நீட்டும்.

மேஜை தாழ்ந்திருந்தால் கை எதிர்பார்த்த இடத்தில் பிடிமானம் கிடைக்காது. கை படுவதற்குள் தோள் முன்னால் போய்விடும். மேஜையைத் தள்ளி எழும்ப முடியாது. அப்புறம் முழங்காலோ, முதுகோ, முகமோ... எது முதலில் தரையில் படும் என்று சொல்ல முடியாது.

மேஜை உயர்ந்திருந்தால் வேறு மாதிரி ஆபத்து. இடுப்பு தோளுக்கு மேலே வராது. முழங்கை மடங்கும். தொடையோ பாதமோ விளிம்பில் இடிக்கும். பின்னால் மடங்கிய மணிக்கட்டின் மேல் மொத்த பாரமும் இறங்கும்.

பெரியவர் அளவு குழந்தைக்கு ஆகுமா?

பெரிய சர்வதேசப் போட்டிகளில் தரையிலிருந்து பெண்களுக்கு 125 செ.மீ., ஆண்களுக்கு 135 செ.மீ. சிட்னியில் இருந்தது குறுகலான பழைய 'குதிரை'. 2001-ல்தான் அகலமான மேஜை வந்தது. உயரம் மட்டும் மாறவில்லை. அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் 142 செ.மீ. உயரம்தான். அவரும் அதே 125 செ.மீ. மேஜையைத்தான் தாண்டுகிறார். அந்தத் தோள் வலுவும் ஓட்ட வேகமும் வர எத்தனை வருஷம் ஆகியிருக்கும்!

ஏழு வயதுப் பெண் குழந்தையின் உயரமே சுமார் 120 செ.மீ. பெரியவர் மேஜை அவள் தலைக்கு மேலே நிற்கும். 'இப்பவே பழகட்டும் சார், பயம் தெளிஞ்சிடும்' என்கிற அப்பாக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சித்த மருத்துவத்தில் 'மணிக்கடை நூல்' என்று ஒரு பரிசோதனை உண்டு. மணிக்கட்டுக்குச் சற்று மேலே நூலைச் சுற்றி, அந்த நூலை விரற்கடையால் அளப்போம். யாருடைய விரல்? வைத்தியர் விரல் அல்ல, நோயாளியின் விரல்! அவரவர் உடம்புக்கு அவரவர் உடம்பே அளவுகோல். வால்ட் மேஜைக்கும் இதேதான் நியாயம். வயதை வைத்தோ, பக்கத்து வீட்டுக் குழந்தையை வைத்தோ உயரம் நிர்ணயிக்கக் கூடாது.

இன்னொரு விஷயம். பல மேஜைகளின் காலில் 5 செ.மீ.க்கு ஒரு படி இருக்கும். பூப்புக்கு முந்தைய வயதில் குழந்தை வருஷத்துக்கு வளர்வதும் ஏறத்தாழ 5 முதல் 6 செ.மீ. அதாவது ஒரு படி என்பது ஒரு வருஷ வளர்த்தி! பூப்பு நெருங்கும்போது கை, கால் மளமளவென்று நீளும். நேற்று வரை அழகாகத் தாண்டிய பெண் திடீரென்று தடுமாறுவாள். அவளைத் திட்டாதீர்கள். சில மாதம் உயரத்தை ஏற்றாமல், தேவைப்பட்டால் ஒரு படி இறக்கிப் பழகட்டும்.

மாஸ்டரிடம் கேளுங்கள்!

* இன்றைக்கு மேஜை என்ன உயரம்? டேப் வைத்துப் பார்த்தீர்களா? பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா? (பெரிய பிள்ளைகள் பயிற்சி முடித்த பிறகு கட்டாயம் பார்க்க வேண்டும்.)

* மேஜைக்கு முன் அடுக்கிய மெத்தை மேல் பழகினாளா? கை ஊன்றித் தலைகீழாக நின்று, நேராக மல்லாந்து விழக் கற்ற பிறகே மேஜை.

* முழங்கை மடங்காமல், இடுப்பு தோளுக்கு மேலே வந்து, தடுமாறாமல் இறங்குகிறாளா? தினமும் அப்படிச் செய்தால் மட்டும் ஒரு படி ஏற்றலாம். ஒரே நாளில் இரண்டு படி வேண்டவே வேண்டாம்.

* மேஜையை ஏற்றியதும் ஸ்பிரிங் போர்டு இருக்கும் தூரத்தையும் சரிபார்த்தீர்களா? ஒல்லிக் குழந்தைக்கு விறைப்பான ஸ்பிரிங் அமுங்காது, எம்பவும் முடியாது.

* இறங்குகிற மெத்தையின் கனம் மாறியதா? மாறினால் இறங்கும் ஆழமும் மாறும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை வீட்டுச் சுவரில் கோடு போட்டு உயரம் குறியுங்கள். அந்தக் கணக்கை மாஸ்டரிடம் காட்டுங்கள்.

வலி என்றால்...

கட்டை விரல் பக்க மணிக்கட்டில் வலி, கை ஊன்றும்போது அதிகமாகிறதா? அலட்சியம் வேண்டாம். எலும்பு நீளமாக வளர்வதற்கான குருத்துப் பகுதி அங்கேதான் இருக்கிறது. ஓயாத அழுத்தத்தால் அது பழுதுபட்டால் கை எலும்பின் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். பயிற்சியை நிறுத்தி, எலும்பு டாக்டரிடம் காட்டி எக்ஸ்-ரே எடுங்கள்.

சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: வீங்கிய மணிக்கட்டில் எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். பற்றும் கட்டும் நம்மிடம் உண்டு. ஆனால் உள்ளே என்ன ஆயிற்று என்று தெரிந்த பிறகுதான். கழுத்தோ தலையோ அடிபட விழுந்தால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். வர்மம் தட்டுகிறேன் என்று யாரையும் தொட விடாதீர்கள். அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

எலும்பு உறுதிக்குக் கேழ்வரகு, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை கொடுங்கள். பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டித் தாருங்கள். ஆனால் எந்தக் களியும் தவறான உயரத்தில் நிற்கும் மேஜையைச் சரிசெய்யாது.

பையில் ஒரு இன்ச் டேப் போட்டு அனுப்புங்கள். 'மாஸ்டர், அளந்துட்டு குதிக்கிறேன்' என்று உங்கள் குழந்தை தைரியமாகச் சொல்லட்டும். சிட்னியில் ஒரு பெண் வாய் திறந்து சொன்னதால்தானே அடுத்து வந்தவர்கள் தப்பித்தார்கள்!