ஏக்கருக்கு ஏன் 43,560 சதுர அடி?

ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி என்பது தற்செயலாக வந்த எண் அல்ல. இடைக்கால இங்கிலாந்தில் எருதுகள் பூட்டிய ஏர் ஒரு நாளில் உழக்கூடிய நிலமே ஏக்கர். கனத்த கலப்பையை அடிக்கடி திருப்புவது கடினம் என்பதால் உழவு நீளவாக்கிலேயே போனது: நீளம் 660 அடி, அகலம் 66 அடி. பெருக்கினால் அதே எண் வரும். களிமண்ணையும் மணலையும் ஒரே வேகத்தில் உழ முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், உழைப்பு மட்டுமே அளவாக இருந்தவரை ஏக்கர் ஊருக்கு ஊர் மாறவே செய்தது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே நீள அகலம் சட்டத்தால் நிலைப்படுத்தப்பட்டது. பிறகு, 1620-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் எட்மண்ட் கன்டர் நிலம் அளக்கும் 66 அடிச் சங்கிலியை 100 கண்ணிகளாகப் பிரித்தார். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் என்றாகிக் கணக்கு எளிதானது. நம் பத்திரங்களில் வரும் சென்ட், அந்த ஏக்கரில் நூறில் ஒரு பங்கு: 435.6 சதுர அடி. நிலம் வாங்குவோர் தசமத்தை விட்டுவிடாதீர்கள். 435 என்று கொண்டால் ஏக்கருக்கு 60 சதுர அடி குறைந்துவிடும்.