பச்சைச் சான்றிதழும் பக்கத்து மேசைப் பேச்சும்

‘லீட்’ என்னும் பசுமைக் கட்டடச் சான்றிதழ் பெற்ற அலுவலகம் மின்சாரத்தையும் தண்ணீரையும் சிக்கனமாகச் செலவழிக்கும் என்பதோடு, உள்ளே இருப்பவர்களுக்கும் இதமாக இருக்கும் என்ற வாக்குறுதியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இந்த இரண்டாவது வாக்குறுதியைச் செர்ஜியோ அல்தொமோந்தே, ஸ்தெஃபானோ ஸ்கியாவோன் என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மையம் ஒன்று திரட்டி வைத்திருந்த கருத்துக்கணிப்பிலிருந்து 144 கட்டடங்களை எடுத்துக்கொண்டார்கள்; அவற்றில் 65 சான்றிதழ் பெற்றவை. பதில் சொன்னவர்கள் 21,477 பேர். 2013-இல் வெளியான முடிவு கட்டட உரிமையாளர்களுக்கு இனித்திருக்காது: சான்றிதழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மனநிறைவில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

காரணம், சான்றிதழுக்கான புள்ளிக் கணக்கில் இருக்கிறது. இத்தனை காற்றோட்டம், இத்தனை பகல் வெளிச்சம் என்று பெரும்பாலும் வடிவமைப்பைப் பார்த்தே புள்ளி தருகிறார்கள். உட்கார்ந்து வேலை செய்பவரை வாட்டுவதோ வேறொன்று. அதே மையம் இருபது ஆண்டுகளில் சுமார் 900 கட்டடங்களில் 90,000-க்கும் மேற்பட்டோரிடம் திரட்டிய பதில்களைத் தொகுத்துப் பார்த்தபோது, அதிருப்தியில் முதலிடம் பிடித்தது ஒலித் தனிமை இல்லாமைதான். 54 சதவீதம் பேர் அதைக் குறையாகச் சொன்னார்கள். அடுத்தவர் தொலைபேசியில் பேசுவது நம் காதில் விழுகிறது, நாம் பேசுவது அவர் காதில் விழுகிறது. வெப்பநிலைகூட (39 சதவீதம்) இதற்குப் பிறகுதான். வேடிக்கை என்னவென்றால், வெளிச்சம் உள்வரை பரவட்டும் என்று தடுப்புகளைத் தாழ்த்தினால் பேச்சும் கூடவே பரவும். ஒன்றுக்குப் புள்ளி கிடைக்கும்; மற்றொன்றைக் காது அனுபவிக்கும்.

நல்ல காற்றைக் கண்ணால் பார்க்க முடியுமா, மனநிறைவை வைத்துக் கட்டடத்தை எடைபோடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஹார்வர்டு ஆய்வாளர்கள் சிரக்யூஸ் நகரில் 24 பேரை ஆறு நாள் சோதனை அலுவலகத்தில் உட்காரவைத்து, காற்றின் தரத்தை அவர்களுக்குத் தெரியாமல் மாற்றினார்கள். சுத்தமான காற்று இருந்த நாட்களில் சிந்தனைத் திறன் மதிப்பெண்கள் கணிசமாக உயர்ந்தன. ஆக, உடம்புக்கு நல்லது நடப்பதை மனம் உணராமலே இருக்கலாம். குறைந்த மின்சாரத்தில் அதே அளவு மனநிறைவு என்றால் அதுவும் தோல்வி அல்ல. ஆனால் இந்த வாதங்கள் சான்றிதழின் மற்ற பலன்களைத்தான் காப்பாற்றுகின்றன. இதமாக இருக்கும் என்று சொல்லி வாடகையை உயர்த்துபவர், இதமாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

கேட்பதற்கு லீட் முறையிலேயே வழி இருந்தது. 2009 பதிப்பின்படி, குடிபுகுந்த 6 முதல் 18 மாதங்களுக்குள் வெப்ப வசதி பற்றிக் கருத்துக்கணிப்பு நடத்தி, 20 சதவீதத்துக்கு மேல் அதிருப்தி இருந்தால் சரிசெய்ய ஒப்புக்கொண்ட கட்டடத்துக்கு ஒரு புள்ளி கிடைத்தது. மொத்தம் 110 புள்ளிகளில் அது ஒன்று, அதுவும் விருப்பத் தேர்வு. அதைத் தொடாமலே 80 புள்ளி சேர்த்து, மிக உயர்ந்த தரமான பிளாட்டினத்தை வாங்கிவிட முடிந்தது.