கூட்டை விட்டிறங்கிய பிஞ்ச் குஞ்சுகளைப் பேணுதல்

இடம்பெயர்ந்து வாழும் வீட்டில் மாடு கட்டவோ ஆடு வளர்க்கவோ இடம் கிடைப்பதில்லை. ஆனால் யன்னலோரம் ஒரு கூண்டில் ஒரு சோடி பிஞ்ச் குருவிகளை வைத்திருக்க முடியும். பிள்ளைகளுக்கு அது பெரும் ஆறுதல். குஞ்சுகள் பெருகினால் கைச்செலவுக்குச் சிறிது பணமும் கிடைக்கும். முட்டை பொரித்துக் குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியே வந்ததும் "இனிப் பயமில்லை" என்று நாம் எண்ணிவிடுகிறோம். கூடிய கவனம் வேண்டிய காலம் அன்றுதான் தொடங்குகிறது.

குஞ்சின் நாட்கணக்கு

நம் வீடுகளில் வளரும் சீப்ரா பிஞ்ச், அவுஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளைச் சேர்ந்த பறவை. பெங்காலிப் பிஞ்ச் நமக்கு உறவுமுறையானது. நெற்பயிரில் கூட்டமாய் இறங்கும் சில்லைக் குருவிகளுள் ஒன்றான வெண்முதுகுச் சில்லையின் வழியில், யப்பானில் வளர்த்தெடுக்கப்பட்ட இனம் அது.

சீப்ரா பிஞ்ச் முட்டை ஏறத்தாழ 12 முதல் 14 நாட்களில் பொரிக்கும். 18 முதல் 21 நாட்களில் குஞ்சு கூட்டை விட்டு வெளியே வரும். பெங்காலிப் பிஞ்ச் குஞ்சு சில நாட்கள் பிந்தும். அப்போது இறகு முளைத்திருக்கும். தத்தித் தத்திப் பறக்கும். ஆனால் தினையை உடைத்துத் தின்னத் தெரியாது. 35 நாட்கள் கடந்த பின்னரே பெரும்பாலான குஞ்சுகள் தாமாகத் தின்று வாழப் பழகுகின்றன. இடைப்பட்ட இந்த இரண்டு மூன்று வாரங்களை நாற்றுப் பருவம் என்று கொள்ளுங்கள். வேர் பிடிக்குமுன் நாற்றைப் பிடுங்கினால் என்னவாகும் என்பது விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தகப்பனிடமிருந்து பிரிக்க வேண்டாம்

குஞ்சுகள் வெளியே வந்ததும் தாய் மறுபடி முட்டையிட முனையும். அந்நேரத்தில் குஞ்சுகளுக்கு ஊட்டும் பொறுப்பில் பெரும்பங்கு தகப்பனுடையது. ஆண் குஞ்சு பாட்டுப் பழகுவதும் இக்காலத்தில் தகப்பனைக் கேட்டுத்தான். ஆகவே யாராவது விலைக்குக் கேட்டாலும் இப்பருவத்தில் குஞ்சைக் கொடுக்கக் கூடாது. வாங்கிப்போன வீட்டில், நிறைந்த தினைக் கிண்ணத்தின் அருகிலேயே அது பட்டினி கிடந்து சாகக்கூடும்.

சில வேளைகளில் பெற்றோர் குஞ்சின் இறகைப் பிடுங்குவதுண்டு. அப்படியானால் தகப்பனையும் குஞ்சுகளையும் ஒன்றாக வேறு கூண்டில் விடலாம். இறகைப் பிடுங்குவது தகப்பனாயின், கூண்டின் நடுவே கம்பிவலை மறித்து, வலையினூடாக அது ஊட்டுகிறதா என்று கவனியுங்கள்.

கூண்டில் செய்ய வேண்டியவை

1. கூட்டை உடனே அகற்ற வேண்டாம். முதல் ஒரு வாரமளவில் குஞ்சுகள் இரவில் அதற்குள்தான் உறங்கும்.
2. அமரும் குச்சிகளில் ஒன்றிரண்டைத் தாழ்வாகக் கட்டுங்கள்.
3. தண்ணீரை ஆழமான பாத்திரத்தில் வைக்கக் கூடாது. குஞ்சு அதில் விழுந்து மூழ்கிவிடும். போத்தல் மூடி போன்ற ஆழமற்ற தட்டே போதும்.
4. கம்பி இடைவெளி அரை அங்குலத்திற்கு மேற்படக் கூடாது. எலி, பூனை, எறும்பு அணுகாத உயரத்தில் கூண்டைத் தொங்கவிடுங்கள்.

உணவு

தினை, சாமை, குரக்கன் ஆகியவற்றைக் கலந்து கொடுக்கலாம். குஞ்சுகளுக்கு அதில் ஒரு பங்கை இரவில் ஊறவைத்துக் காலையில் நன்கு அலசிக் கொடுங்கள். ஊறிய தானியத்தை உடைப்பது எளிது. ஆனால் அது புளித்துவிடும். பிற்பகலில் மிச்சத்தை எடுத்துக் கொட்டிவிட வேண்டும். அவித்த முட்டையை மசித்துத் தினமும் சிறிதளவு வைத்தால் தகப்பன் அதை எடுத்து ஊட்டும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு, அல்லது வறுத்துப் பொடித்த முட்டைக்கோது போதுமானது.

ஹந்தானைச் சரிவுகளில் தானாக வளரும் கினிப் புல்லின் கதிர் காசில்லாத நல்ல உணவு. மருந்து தெளித்த தோட்ட ஓரங்களில் பறிக்காமல், கழுவிக் கட்டித் தொங்கவிடுங்கள். நம்மூரில் மலிவாகக் கிடைக்கும் ஆனைக்கொய்யா (அவகாடோ) பறவைகளுக்கு நஞ்சு. உப்புப் பண்டங்களும் சொக்லேட்டும் கூடாது.

மாலையில் குஞ்சின் கழுத்தைப் பாருங்கள். இரைப்பை புடைத்துத் தானியம் தெரிந்தால் அது உண்டிருக்கிறது. ஒட்டிக்கிடந்தால் தகப்பன் ஊட்டுகிறதா என்று மறுநாள் காலையிலேயே கவனிக்க வேண்டும்.

குளிரும் புகையும்

கண்டி நகர் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஹந்தானை மலை முகடுகள் 1,000 மீற்றரையும் தாண்டுகின்றன. மார்கழி, தை மாதப் பனியும் ஈரக்காற்றும் வறண்ட நாட்டுக் குருவிக்கு ஒவ்வாதவை. இரவில் கூண்டின் மூன்று பக்கத்தைச் சாக்கினால் மூடி, ஒரு பக்கத்தைக் காற்றுக்காகத் திறந்து விடுங்கள். ஒரே அறையில் சமைத்து உறங்கும் வீடுகளில் விறகுப் புகை, மண்ணெண்ணெய்ப் புகை, நுளம்புத்திரிப் புகை மூன்றும் குஞ்சின் சுவாசத்தைக் கெடுக்கும். சமைக்கும் நேரத்தில் கூண்டை வெளித் தாழ்வாரத்தில் வைப்பது நன்று.

கீழே விழுந்த குஞ்சு

விறைத்துப்போன குஞ்சுக்கு முதலில் சூடுதான் வேண்டும், உணவல்ல. உள்ளங்கையில் பொத்தி வைத்திருங்கள். அல்லது வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி அருகே வையுங்கள். எல்ஈடி மின்குமிழ் சூடு தராது. சொண்டைத் திறந்து பாலோ கஞ்சியோ ஊற்ற வேண்டாம். அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். சூடேறியதும் கூட்டில் விடுங்கள். மனிதக் கை பட்டதால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. இறகைச் சிலிர்த்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கும் குஞ்சை அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலோ, பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை போதனா வைத்தியசாலையிலோ காட்டலாம்.

வெளியே புல்லில் கண்ட காட்டுச் சில்லைக் குஞ்சைக் கொண்டுவந்து அடைக்க வேண்டாம். அதன் பெற்றோர் அருகில்தான் இருக்கும். பூனைக்கு எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

மறுபடி இடம்மாற நேர்ந்தால்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் நேர்ந்த மண்சரிவுகளை நாம் மறக்க முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை வந்து வெளியேறச் சொன்னால் மனித உயிரே முதலாவது. கூண்டுக்காக ஒருவரும் திரும்பிப் போகக் கூடாது. பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மழைக்காலத்தில் துளையிட்ட சப்பாத்துப் பெட்டி, ஒரு துண்டுத் துணி, ஒரு பொதி தினை ஆகியவற்றைத் தயாராக வைத்தால், நேரமிருக்கும்போது தகப்பனையும் குஞ்சுகளையும் ஒன்றாக எடுத்துச் செல்லலாம். வழியில் தண்ணீருக்குப் பதிலாக ஒரு வெள்ளரித் துண்டு போதும்.

எப்போது பிரிக்கலாம்?

குஞ்சு தானே தினையை உடைத்து உமியை உதிர்ப்பதைப் பல நாட்கள் தொடர்ந்து கண்ட பின்னர், ஏறத்தாழ 45 நாட்களில் பிரிக்கலாம். அதற்குள் சீப்ரா குஞ்சின் கறுத்த சொண்டு சிவக்கத் தொடங்கியிருக்கும். இரண்டு மாதமளவில் ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே விடுங்கள். இல்லையேல் உடன்பிறந்தவை சோடி சேர்ந்துவிடும். விற்பதானால் இந்த வயதுக் குருவியையே விற்க வேண்டும். அது பிழைக்கும், வாங்கியவரும் மறுபடி உங்களிடம் வருவார்.