தருமச்சாலையும் தாயகமும்

பீங்கான் நகரமாகிய விருத்தாசலத்திலிருந்து கடலூருக்குச் செல்லும் ரயில் பாதையில், நெய்வேலியைக் கடந்தால் வடலூர் வரும். அதற்கடுத்தாற் போல் குறிஞ்சிப்பாடி. வடலூரில் இராமலிங்க அடிகளார் 1867-ம் வருஷம் ஸ்தாபித்த சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசித்து வருகிறவனை அங்கே ஜாதியோ தேசமோ கேட்பதில்லை. குறிஞ்சிப்பாடியிலோ, இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த தமிழர்களின் முகாம் இருக்கிறது. அவர்களுடைய ஊரும் பேரும் சர்க்கார் பதிவேட்டில் ஏறியிருக்கின்றன. பிரஜாவுரிமை மாத்திரம் ஏறவில்லை.

2025-ம் வருஷம் மே மாதத்தில், சிறைத் தண்டனை பெற்ற ஓர் இலங்கைத் தமிழர் தம்மை நாடு கடத்த வேண்டாமென்று சுப்ரீம் கோர்ட்டில் முறையிட்டார். உலகத்து அகதிகளையெல்லாம் ஏற்பதற்கு இந்தியா தருமச்சாலை அல்லவென்று நீதிபதி அப்போது கூறினார். அந்த ஒரு மனிதரின் வழக்கு எப்படியாயினும் ஆகுக. அகதி நம்மிடம் கேட்பது தர்மமா, உரிமையா என்ற கேள்வி மாத்திரம் நம் எல்லோருக்கும் உரியது.

1948 டிசம்பர் 10-ந் தேதி ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. அதில் நம் தேசத்துப் பெண்மணி ஹன்ஸா மேத்தாவின் கையும் உண்டு. கொடுமைக்குத் தப்பி அந்நிய நாட்டில் புகலிடம் நாடும் உரிமையை அதன் 14-வது விதி கூறுகிறது. சொந்த நாட்டுக்குத் திரும்பும் உரிமையை 13-வது விதி கூறுகிறது. இவ்விரண்டும் ஒரே வீட்டின் இரு வாசல்கள். ஒன்றை அடைத்துவிட்டு மற்றொன்றைத் திறந்து வைத்தால் அது வீடாகாது; சிறையாகும், அல்லது தெருவாகும்.

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் தமிழகம் வந்து சேர்ந்தனர். 2021-ல் 58,822 பேர் 108 முகாம்களில் வாழ்ந்ததாகச் சென்னை சர்க்கார் அறிவித்தது. 7,469 புதிய வீடுகள் கட்டித் தருவதாகவும் வாக்களித்தது. இவை பாராட்டத் தக்கவை. ஆயினும் வீடு வேறு, உரிமை வேறு. 1951-ம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1987 ஜூலைக்குப் பின் முகாமில் பிறந்த குழந்தை, பெற்றோர் இருவரும் அயல்நாட்டாராயின், பிறப்பினால் இந்நாட்டுப் பிரஜையாவதில்லை. பதிவு பெற்று 2015 ஜனவரி 9 வரை வந்து தங்கியோருக்குத் தண்டனையிலிருந்து விலக்களிக்கும் உத்தரவு 2025-ல் வந்தது. தண்டனை நீங்கியது, அந்தஸ்து வரவில்லை.

'அப்படியானால் ஊருக்குத் திரும்பட்டுமே' என்று சிலர் கேட்கலாம். 1991-ல் ராஜீவ் காந்தி கொலையுண்ட பின், 1992-ல் அகதிகளைத் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கிற்று. அவர்கள் மனமுவந்துதான் போகிறார்களா என்ற ஐயம் எழுந்தது. அதனால் அவர்களது சம்மதத்தை அறிய ஐக்கிய நாடுகள் அகதிகள் ஸ்தாபனத்துக்கு இடமளிக்க வேண்டியதாயிற்று. சம்மதமின்றி அனுப்புவது திரும்புதல் ஆகாது, துரத்துதல் ஆகும்.

மனமுவந்து போகிறவர்க்கோ அக்கரையில் தடைகள் காத்திருக்கின்றன. வலிகாமம் வடக்கில் 1990-ல் இராணுவத்தின் வசமான நிலங்களில் ஒரு பகுதி, யுத்தம் முடிந்து பல வருஷங்கள் கழித்தே உடையவர் கைக்கு வந்தது. 2025-ல் தாயகம் திரும்பிய முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். முன்னொரு காலத்தில் உரிய பத்திரமின்றி நாட்டைவிட்டு வெளியேறினாராம்! வீடு பற்றி எரியும்போது வாசற்படியில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டா ஓடுவார்கள்?

பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டுமா என்பது பழமொழி. அதன் பொருளை விருத்தாசலத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே சூளையில் தினமும் காண்கிறார்கள். தமிழகத்தில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே உருப்பெற்ற ஒரு தலைமுறையைப் பார்த்து, 'உன் ஊருக்குப் போ' என்பதில் பொருளில்லை. அவர்களுக்குப் பிரஜாவுரிமை பெற ஒரு வழி வேண்டும். புகலிடத்துக்கு ஒரு சட்டம் வேண்டும். திரும்ப விரும்பும் முதியோருக்குப் பிறப்புப் பத்திரமும், நிலமும், கைதாகாமல் கரையேறும் உறுதியும் வேண்டும். இவற்றைக் கொழும்பிடம் டில்லி வற்புறுத்திக் கேட்க வேண்டும்.

இந்தியா தருமச்சாலை அல்லவென்றே வைத்துக்கொள்வோம். நியாயசாலையாகவாவது இருக்க வேண்டாமா?