சிப்பி எடுத்தால் குற்றம், சிலையாக நின்றால் கைதட்டல்! லகுனா பீச் தெரியுமா?

ஊர்க்காரர்கள் மூச்சுவிடுவதுகூடத் தெரியாமல் ஒன்றரை நிமிடம் ஆடாமல் அசையாமல் நிற்கிறார்கள். அதைப் பார்க்க, கோடை இரவுகளில் சுமார் 2,600 பேர் டிக்கெட் வாங்கித் திறந்தவெளி அரங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கே தெரியுமா? அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் லகுனா பீச்சில்தான். மக்கள்தொகை வெறும் 23 ஆயிரம். முன்னால் பசிபிக், முதுகுப் பக்கம் மலை. பணக்கார ஊர் என்றால் சாதாரணப் பணக்கார ஊர் இல்லை; அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்தச் சிலை விளையாட்டு. 1932-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒலிம்பிக் நடந்தது. அங்கே வரும் கூட்டத்தில் கொஞ்சத்தையாவது நம் பக்கம் இழுப்போமே என்று உள்ளூர் ஓவியர்கள் லகுனாவில் ஒரு கலைவிழா தொடங்கினார்கள். அப்போது அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் மூழ்கியிருந்தது. படம் வாங்க யாரிடமும் காசில்லை. அடுத்த வருடம் புதிதாக ஒன்று செய்தார்கள். புகழ்பெற்ற ஓவியங்களைப் போல மனிதர்களையே வேடமிட்டுச் சட்டத்துக்குள் நிறுத்திவிட்டார்கள்! மனிதர்களே பொம்மைகளாக நிற்கும் கொலு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1935-ல் ராய் ராப் என்பவர் பொறுப்பேற்று அதைப் பிரமாண்டமாக்கினார். ‘பேஜன்ட் ஆஃப் த மாஸ்டர்ஸ்’ என்ற பெயரில் இன்றும் ஓடுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது சில ஆண்டுகளும், கொரோனாவால் 2020-லும் மட்டும் நின்றது.

நடிப்பவர்கள் யார் தெரியுமா? சம்பளம் வாங்காத சாதாரண மனிதர்கள். பல் டாக்டர், பள்ளிக்கூடப் பையன், ஓய்வுபெற்ற பாட்டி என்று யாராகவும் இருக்கலாம். தேர்வில் வசனம் பேசச் சொல்வதில்லை. உயரத்தையும் உடல்வாகையும் அளக்கிறார்கள். ஓவியத்தில் இருக்கும் ஆள் அளவுக்கு நீங்கள் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். கோடை முழுக்க ஒரே ஆள் நிற்க முடியாது என்பதால் இரண்டு குழுக்கள், வாரம் மாற்றி வாரம். இனிமேல்தான் சூட்சுமமே! உடைகளின் மடிப்பும் நிழலும் தையலில் வருவதில்லை, துணிமேல் தூரிகையால் தீட்டுகிறார்கள். முகத்திலும் கையிலும் அதே தூரிகை வேலைதான். பிறகு, நிழல் விழாதபடி விளக்கைத் திருப்பிவிட்டால் முப்பரிமாண மனிதன் தட்டையாகிக் கான்வாஸில் ஒட்டிக்கொள்வான். கூட வாத்தியக் குழு நேரடியாக வாசிக்கும். வழக்கமாக நிகழ்ச்சி லியொனார்டோவின் ‘கடைசி இராப்போசன’த்தோடு முடியும்.

இந்த ஊர் உயர்நிலைப் பள்ளியின் கால்பந்து அணிக்குப் பல பத்தாண்டுகள் என்ன பெயர் இருந்தது தெரியுமா? புலிகளும் இல்லை, கழுகுகளும் இல்லை... ‘ஆர்ட்டிஸ்ட்ஸ்’! மோதி விழுத்தாட்டுகிற அமெரிக்கக் கால்பந்தில் எதிரணி இந்தப் பெயரைக் கேட்டு எப்படிச் சிரித்திருக்கும்! 2003-ல்தான் ‘பிரேக்கர்ஸ்’, அதாவது கரையில் உடையும் அலைகள் என்று மாற்றினார்கள். எனக்கென்னவோ பழைய பெயர்தான் பிடித்திருக்கிறது.

வழிப்போக்கர்களுக்கு ‘ஹலோ’ சொல்வதற்கென்றே ஊர் ஒருவரை நியமித்தது, தெரியுமா? ஐலர் லார்சன், டென்மார்க்கிலிருந்து வந்தவர். நீளத் தாடி, தோள்வரை முடி, கையில் தடி. 1940-களிலிருந்து கடலோர நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுகொண்டு, போகிற கார்களை நோக்கிக் கையை ஆட்டித் தொண்டை கிழியக் கத்துவார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, அவராகவே செய்தார். 1963-ல் நகரம் அவரையே அதிகாரபூர்வ வரவேற்பாளராக அறிவித்தது. 1975-ல் காலமானார், ஊரில் அவருக்கு இரண்டு சிலைகள். வேறு ஊராக இருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பார்கள்!

ஊரின் விக்டோரியா கடற்கரையில் பாறையோடு பாறையாக 60 அடிக் கோபுரம் ஒன்று நிற்கிறது. ராஜா ராணி கதையெல்லாம் கிடையாது. 1926-ல் வில்லியம் பிரவுன் என்ற மாகாண செனட்டர், மேட்டிலிருந்த தன் வீட்டிலிருந்து மணலுக்கு இறங்கக் கட்டிய மாடிப்படி அது! பின்னால் அதை வாங்கிய ஒரு கடற்படைக் கேப்டன் கடற்கொள்ளைக்காரன் வேடம் போட்டுக்கொண்டு, கோபுர இடுக்குகளில் காசுகளை ஒளித்துவைத்து, ஊர்ப் பிள்ளைகளைத் தேடவிடுவாராம். இன்னொரு கடற்கரைக்குப் பெயர் ‘ஆயிரம் படி’. எண்ணிப் பார்த்தால் இருநூற்றுச் சொச்சம்தான். ஏறி வரும்போது ஆயிரம் என்பதை ஒப்புக்கொள்வீர்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். ஊரை ஒட்டினாற்போல் எமரால்டு பே என்று காவல் போட்ட குடியிருப்பு ஒன்று உண்டு. முதலீட்டு மன்னர் வாரன் பஃபெட் 1971-ல் அங்கே ஒரு வீடு வாங்கினார், விலை ஒன்றரை லட்சம் டாலர். 2018-ல் விற்றார், 75 லட்சம் டாலருக்கு! ஐம்பது மடங்கு!

விலை ஏன் இப்படி ஏறியது? கடல் மட்டும் காரணமில்லை. கட்டாமல் விட்டதுதான் பெரிய காரணம். கரையோரம் உயர்ந்த ஹோட்டல்கள் எழும்பிவிடும் என்று பயந்து, 1971-ல் மக்கள் வாக்களித்துக் கட்டட உயரத்தை 36 அடியோடு நிறுத்தினார்கள். நடு ஊர்க் கடற்கரையில் அடைத்துக்கொண்டிருந்த கட்டடங்களை நகரமே விலைக்கு வாங்கி இடித்துப் பூங்காவாக்கியது. அடுத்தது பள்ளத்தாக்கு. ஊருக்குள் வரும் லகுனா கேன்யன் சாலையோரம் 3,200 வீடுகள் கட்டத் திட்டம் வந்தது. அதை எதிர்த்து, ஊரார் தங்கள் வீட்டு ஆல்பங்களிலிருந்து படங்களை எடுத்துக் கொடுக்க, 600 அடிக்கு மேல் நீளமான ஒரு புகைப்படச் சுவர் அந்தப் பள்ளத்தாக்கிலேயே எழும்பியது. 1989 நவம்பர் 11 அன்று ஆயிரக்கணக்கானோர் அதை நோக்கி நடந்தார்கள். கூட்டம் போடுவது எங்கும் நடப்பதுதான். ஆனால் அடுத்த வருடமே வாக்குப்பெட்டியில், ‘எங்கள் மேல் வரி போடுங்கள், நிலத்தை வாங்குவோம்’ என்று ஐந்தில் நான்கு பேர் சொன்னார்கள், தெரியுமா? இரண்டு கோடி டாலர்! அந்த நிலம் இன்று வனப்பூங்கா.

காட்டை விட்டுவைத்தால் காட்டுத்தீயும் கூடவே வரும். 1993 அக்டோபர் 27 அன்று பரவிய தீயில் 400 வீடுகளுக்கு மேல் அழிந்தும் சேதப்பட்டும் போயின. ஊரில் ஒரு உயிர்கூடப் போகவில்லை என்பது அதிசயம். கோடிக்கணக்கில் விலை போகும் வீடுகளுக்கு மேலே, மனிதன் ஏற முடியாத சரிவுகளில் இன்றைக்கும் தீத்தடுப்பு வேலை பார்ப்பவர்கள் யார் தெரியுமா? ஆடுகள்! நகராட்சி செலவில் மந்தையை மலையில் விட்டுக் காய்ந்த புதரை மேயவிடுகிறார்கள்.

எல்லாம் அழகுதானா என்றால், இல்லை. ‘சாடஸ்ட்’ என்று இன்னொரு கோடை விழா. தரையில் மரத்தூள் தூவி, மர நிழலில் கடை போடுவார்கள். கடை போட அந்த ஊரில் குடியிருக்க வேண்டும் என்பது விதி. பெயர் வாங்காத ஓவியர் அந்த ஊர் வீட்டு வாடகைக்கு எங்கே போவார்? ஊரைக் காப்பாற்றியவர்களே தங்கள் பிள்ளைகள் குடியிருக்க முடியாத விலைக்கு அதை ஏற்றிவிட்டார்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அதே பள்ளத்தாக்குச் சாலையில் 2009-ல் வீடற்றவர்கள் இரவில் படுக்க ஒரு கூடமும் திறந்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். அந்தச் சாலையிலேயே, அடிபட்ட கடற்சிங்கங்களுக்கென்று 1971-ல் தொடங்கிய ஒரு மருத்துவமனையும் உண்டு.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கலிஃபோர்னியச் சட்டப்படி அலை நனைக்கும் மணல் பொதுச் சொத்து. எவ்வளவு பெரிய பங்களா என்றாலும் அதன் முன்னால் ஈரத்தில் தாராளமாக நடக்கலாம். ஆனால் 2017 முதல் பொது இடத்தில் சிகரெட் கூடாது. 2024 முதல் பலூன்கூடக் கூடாது, கடலில் விழுந்து உயிரினங்களைக் கொல்கிறதாம். பெரும்பாலான கரை 2012-லிருந்து கடல்வாழ் உயிர்க் காப்பகம். பாறைக்குளத்தில் கிடக்கும் ஒரு சிப்பியைக்கூட ஞாபகார்த்தமாகப் பைக்குள் போட்டுவிடாதீர்கள், அபராதம் கட்டவேண்டி வரும்.