மீன் தோலும் செதிளும் பானமாகலாமா?

நம் கடற்கரையில் மீன் வெட்டும் இடங்களில் எல்லாம் தோலும் செதிளும் குப்பையாகக் குவிகின்றன. கடைகளில் 'கொலாஜன்' பொடி நல்ல விலைக்குப் போவதைப் பார்த்த நம் மகளிர் குழுச் சகோதரிகள் சிலர், "இவற்றைக் காயவைத்து, பொடித்து, ஜூஸில் கலந்து விற்கலாமா?" என்று கேட்கிறார்கள். அப்படியே கலந்து விற்கக் கூடாது என்பதே பதில். காரணம் இதுதான்.

தோலிலும் செதிளிலும் கொலாஜன் என்ற புரதம் உண்மையாகவே இருக்கிறது. வெந்நீரில் வெந்தால் அது ஜெலட்டின் ஆகும், ஆறினால் கட்டியாகிவிடும். நொதிகளைக் கொண்டு அதைச் சிறு துண்டுகளாக உடைத்தால்தான் குளிர்ந்த பானத்தில் கரையும். ஆலைகளில் செய்வது இதைத்தான்.

"நன்றாகக் கொதிக்கவைத்தால் போதாதா?" என்று தோன்றும். கொதிநீரில் பெரும்பாலான கிருமிகள் சாகும். ஆனால் மூன்று கேடுகள் போகாது:

1. ஹிஸ்டமின்: சூரை, அயிலை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் உண்டாகும் நஞ்சு. முகம் சிவத்தல், தலைவலி, வாந்தி வரும்.
2. ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்சனிக் போன்ற உலோகங்கள்.
3. மீன் ஒவ்வாமை: சிலருக்குச் சிறிதளவே மூச்சுத்திணறலை உண்டாக்கும்.

ஆகவே ஒவ்வொரு தொகுதியிலும் கிருமி, ஹிஸ்டமின், உலோக அளவுகளை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். ஒருமுறை தேறினால் போதாது. அடுத்த நாள் வரும் தோல் வேறு மீனுடையது.

சட்டமும் உண்டு. தரம் வகுக்கப்படாத புதிய உணவுப் பொருளுக்கு, 2017ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முன் அனுமதி தேவை. 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகளின்படி மீன் கலந்திருப்பதை உறையில் எழுத வேண்டும்.

ஹலால் பற்றியும் கேட்கிறார்கள். மீனில் சிக்கல் இல்லை. ஆனால் கடையில் விற்கும் கொலாஜன் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுக்கப்பட்டிருக்கலாம். உடைக்கப் பயன்படும் நொதியும் விலங்கினுடையதாக இருக்கலாம். மூலப்பொருள் எழுதப்படாத பொடியை வாங்காதீர்கள். 14 இலக்க உரிம எண்ணையும் பாருங்கள். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

தொழிலாகச் செய்ய விரும்புவோர், 1977இல் தொடங்கப்பட்ட தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியின் மீன் பதனத் துறையை அணுகி முறையாகக் கேட்டறியுங்கள். முதலீடு அதற்குப் பிறகு இருக்கட்டும்.