விதைக்காமல் முளைத்தவை

கத்தரி நாற்று நடுவதற்காகக் கொல்லையில் பாத்தி கொத்திப் போட்டிருந்தேன். அந்த வாரமே கணுக்கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட வேண்டியதாயிற்று. நாற்று வரவில்லை, ஐப்பசி மழை வந்தது. கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்த நாட்களில், வெறும் பாத்தி தானாகவே பச்சை பிடித்தது.

குப்பைமேனி, மூக்கிரட்டை, அம்மான் பச்சரிசி, வெட்டுக்காயப் பூண்டு எல்லாம் இருந்தன. என் கண்ணை நிறுத்திவைத்தது கீழாநெல்லி. நின்று பார்த்தால் அது வெறும் இலைதான். தரையோடு குனிந்தால் இலைகளுக்கு அடியில் பூவும் கடுகளவு காயும் வரிசையாகத் தொங்குகின்றன. அந்தி சாய்ந்ததும் இலைகள் மடங்கிக்கொள்கின்றன. காய் முற்றிக் காய்ந்தால் வெடித்து, விதையைத் தெறிக்க விடுகிறது.

இவை எங்கிருந்து வந்தன? வெட்டுக்காயப் பூண்டின் விதை பஞ்சுக் குடையோடு காற்றில் வந்திருக்கலாம். மூக்கிரட்டையின் பிசுபிசுத்த காய் ஆட்டின் காலில் ஒட்டி வந்திருக்கலாம். ஆனால் பெரும்பாலானவை வரவே இல்லை. முன்பிருந்தே மண்ணுக்குள் கிடந்தன.

எவ்வளவு கிடக்கும்? சார்லஸ் டார்வின் ஒரு குளத்தின் ஓரத்திலிருந்து மூன்று மேசைக்கரண்டிச் சேற்றை எடுத்துத் தன் அறையில் ஆறு மாதம் மூடி வைத்தார். முளைத்த செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணினார். மொத்தம் 537! எவ்வளவு காலம் கிடக்கும்? அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர், 1879இல் விதை கலந்த மணலை 20 குப்பிகளில் நிரப்பிப் புதைத்தார். 2021இல் ஒரு குப்பியைத் தோண்டி எடுத்தார்கள். 141 ஆண்டுகளுக்கு மேல் இருட்டில் கிடந்த விதைகளில் சில முளைத்தன. அடுத்த குப்பியை 2040இல் எடுப்பார்கள். முடிவைத் தான் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே ஒருவர் தொடங்கிவைத்த சோதனை இது. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

அத்தனை காலம் பொறுத்திருக்கும் விதைக்கு முளைக்கும் வேளை எப்படித் தெரிகிறது? பல களைச்செடிகளின் விதைகளில் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இருக்கிறது. அது ஒளியை உணரும். 1952இல் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வுக்கூடத்தில் லெட்யூஸ் கீரை விதைகளின்மேல் சிவப்பு ஒளியையும், அதையொட்டிய, கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் அடர்சிவப்பு ஒளியையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சினார்கள். கடைசியாகப் பட்டது சிவப்பு என்றால் பெரும்பாலானவை முளைத்தன. அடர்சிவப்பு என்றால் உறங்கின. எத்தனை முறை மாற்றினாலும் கடைசி ஒளியே முடிவு செய்தது.

வெயிலில் சிவப்பு நிறைய உண்டு. பச்சை இலைகள் அதை உறிஞ்சிக்கொண்டு அடர்சிவப்பைக் கீழே விடுகின்றன. அதனால் நிழலில் கிடக்கும் விதை, மேலே வேறு செடி இருப்பதை முளைக்கும் முன்பே அறிந்துவிடுகிறது. மண்வெட்டி ஒரு கட்டியைப் புரட்டும்போது படும் கணநேர வெளிச்சம்கூடச் சில விதைகளுக்குப் போதும்.

ஆக, பாத்தியைக் கொத்தியபோது நானே அவற்றை எழுப்பியிருக்கிறேன். பிறகு மழை ஈரம் தந்தது. உடைந்த கால் அவற்றுக்குக் களைக்கொத்திலிருந்து விடுமுறை தந்தது. வைக்கோல் மூடாக்குப் போட்ட இடத்திலும், பயிர் நெருங்கி நிழல் கட்டிய இடத்திலும் களை குறைவதற்கு இந்த ஒளிக்கணக்கும் ஒரு காரணம். அங்கே மண்ணில் விதை தீர்ந்துவிடவில்லை.